வாய்க்குப் போகும் கை

பட்டியைக் கட்டுவதற்கு முன், ஆய்வுக்கென்று வந்த பிரேமிளா மூன்று தரம் சொல்லிவிட்டாள்.

"ஐயா, இதாலை உங்களுக்கு ஒண்டும் கிடைக்காது. காசு இல்லை, சாமான் இல்லை, வீடு இல்லை. இது ஒரு ஆய்வு மட்டுந்தான். சீனி வருத்தக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிடுகினம், எவ்வளவு கெதியாச் சாப்பிடுகினம் எண்டு பாக்கிறம்."

"ஓம் பிள்ளை," என்றார் பரமலிங்கம். "விளங்குது."

"வழமையாச் சாப்பிடுற மாதிரியே சாப்பிடுங்கோ."

"அதுதானே. வழமை மாதிரித்தான்."

அவர் வலது கையை நீட்டினார். அவள் கறுப்புப் பட்டியை மணிக்கட்டில் கட்டினாள். முகமில்லாத மணிக்கூடு போல இருந்தது. கை வாய்க்குப் போகும் ஒவ்வொரு தரமும் அது எண்ணிக்கொள்ளும். பத்து நாள். குளிக்கும்போதும் கழற்றத் தேவையில்லை. ஒன்றுவிட்டொரு நாள் அவள் வந்து கைத்தொலைபேசியைப் பக்கத்தில் பிடித்து எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போவாள்.

அவளுடைய ஸ்கூட்டி ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் பரமலிங்கம் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அருந்ததி அறிவாள். விதைப்புக்கு முன் வானத்தைப் பார்க்கிற பார்வை அது.

"வீடு இல்லையெண்டு மூண்டு தரம் சொன்னவள். கவனிச்சனியோ?"

"சொன்னவள்தானே."

"நாங்கள் கேக்கேல்லை. கேக்காமல் அவள் ஏன் வீட்டைப் பற்றிக் கதைக்கிறாள்?"

அருந்ததிக்கும் அது தட்டுப்பட்டிருந்தது.

உதவி தருகிறோம் என்று உடையார்கட்டுக்கு வந்தவர்களில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. வாகனத்தில் வந்து கேட்டார்கள். சைக்கிளில் வந்து கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பிடுகிறீர்கள், கிழமைக்கு எத்தனை தரம் மீன், முட்டை எத்தனை. ஊருக்கு விடை தெரியும். ஒரு நேரம். சில நாளில் இரண்டு. மீன் எப்போதாவது. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் விடை, அவ்வளவுதான்.

பரமலிங்கத்துக்கு மட்டும் அந்த விடை வாயில் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வீட்டுத் திட்டத்துக்கென்று இரண்டு பேர் வந்தார்கள். நல்ல விளைச்சல் வருடம். முப்பது மூடை நெல் கொட்டிலுக்குள் அடுக்கியிருந்தது. வந்தவர்கள் அந்த மூடைகளுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்துதான் கேட்டார்கள். அவர் மூடைகளைப் பார்த்தார். "மூண்டு நேரமும் சாப்பிடுறம்," என்றார். அத்தோடு நின்றிருக்கலாம். "வாற ஆக்களுக்கும் குடுக்கிறம்," என்றார். அவர்களையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை.

ஏன் இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அருந்ததி தானே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டாள். உங்கட வாயாலைதான் வீடு போனது. தகரக் கூரை ஒழுகிச் சட்டி வைக்கும்போது சொன்னாள். பின்வளவில் யன்னல் மட்டத்தோடு நின்றுபோன சுவருக்குள் ஆட்டைக் கட்டும்போது சொன்னாள். வவுனியாவில் வாடகை வீட்டில் இருக்கும் மகள் சாரங்கா கைக்குழந்தையோடு வந்து, படுக்க இடமில்லாமல் பின்னேர பஸ்ஸில் திரும்பிப் போன அன்று இரண்டு தரம் சொன்னாள். சனம் இருக்கும்போது பகிடியாகச் சொன்னாள். பரமலிங்கம் சிரிப்பார். அவர் சிரித்தபடியால் அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பட்டி கட்டிய அன்று மத்தியானம் குளத்து மீன் குழம்பும் முருங்கையிலை வறையும். பரமலிங்கம் சோற்றுக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. கிளினிக்கில் எவ்வளவு சொல்லியும் இரண்டாந்தரம் போடச் சொல்லிக் கேட்பார். அன்று பதினோராம் வாயோடு எழும்பிக் கையைக் கழுவினார். எண்ண வேண்டும் என்று அருந்ததி நினைக்கவில்லை. எண்ணுப்பட்டுவிட்டது.

"என்ன எழும்பிட்டியள்? கறி உறைப்போ?"

"காணும்."

"கோப்பையிலை சோறு பாதி கிடக்கு."

அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "மெல்லக் கதை."

"அது கதையைக் கேக்கிறேல்லையெண்டு பிள்ளை சொன்னவள்தானே."

"சொன்னவள்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

வெற்றிலையையும் விட்டார். வெற்றிலைக்கும் கை வாய்க்குத்தான் போகிறது, அதுக்கு வெற்றிலை எது சோறு எது என்று தெரியுமோ என்றார். மறுநாள் காலை கிணற்றடியில் இடக்கையால் பல் விளக்கிக்கொண்டு நின்றார். பற்பசை முகமெல்லாம் அப்பியிருந்தது. அருந்ததி வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வளவுத் தயாபரனுக்கும் பட்டி கட்டியிருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"அண்ணை, இண்டைக்கு எத்தனை?"

"என்ன எத்தனை?"

"வாய்."

"அதை உனக்கு ஏன்?"

"நான் கரண்டி வாங்கியிட்டன். இடக்கையாலை அள்ளி அடிக்கிறன். வலக்கை மடியிலை சும்மா கிடக்குது. மனிசி சொல்லுறா, வெள்ளைக்காரன் மாதிரி இருக்கிறனாம்."

"சறத்தோடையோ?"

"சறத்தோடைதான்."

"அது களவு," என்றார் பரமலிங்கம்.

"களவோ? ஒழுங்கை முழுக்க உதைத்தானே செய்யுது. ராக்காயி அக்கா கையைத் துவாயாலை சுத்தி வைச்சிருக்கிறா, துணி போட்டால் அதுக்குக் கண் தெரியாதெண்டு."

"மற்றவையைப் பற்றி நான் கதைக்கேல்லை. நான் பொய் சொல்லமாட்டன். குறைச்சுத்தான் தின்னுறன். குறைச்சுத்தான் அது எழுதும். அதிலை என்ன பொய்?"

தயாபரன் அருந்ததியைப் பார்த்தான். "அக்கா, இந்த மனிசனை வைச்சு நீங்கள் எப்பிடிக் காலந்தள்ளுறியள்?"

"நீ ஒருத்தன்தான் கேக்கிறாய்," என்றாள்.

அவள் அப்போதே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சாப்பிடுங்கோ என்று அதட்டியிருந்தால் அவர் சாப்பிட்டிருப்பார். ஆனால் அன்றிரவு மழை. தகரத்தில் இரண்டு புது ஓட்டை. சட்டியில் துளி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது, பத்து நாள்தானே என்று அவளும் நினைத்தாள். பின்னால் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

மூன்றாம் நாள் பிரேமிளா வந்தாள். ஐந்தாம் நாளும் வந்தாள்.

"ஐயா குறைவாச் சாப்பிடுறியள் போலை."

"வயது போகுதல்லோ பிள்ளை."

"குளிசை ஒழுங்காப் போடுறியளோ?"

"ஒரு நாளும் விட்டதில்லை."

இரண்டும் உண்மை. பரமலிங்கம் உண்மையைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பிரேமிளா எழுதிக்கொண்டாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஆறாம் நாள் விடியப் பெய்த மழைக்குக் கீழ்வயல் வரம்பு உடைந்துவிட்டது. பரமலிங்கம் குளிசையை விழுங்கிப் புட்டில் நாலு வாய் தின்றுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பதினொரு மணிபோல தயாபரனின் மோட்டார் சைக்கிள் படலையை இடித்துத் திறந்துகொண்டு வந்தது. பின்னால் பரமலிங்கம். விழாமல் இருக்கத் துவாயால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

"வரம்பிலை சரிஞ்சு கிடந்தவர், அக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டன். என்னைப் பாத்து ஆரோ ஒருத்தற்றை பேரைச் சொல்லுறார்."

மழை விட்டு நெடுநேரம். அவருடைய சேட்டு பிழியலாம் போல நனைந்திருந்தது. உதடு நடுங்கியது. சீனி கூடினாலும் பயமில்லை, சடுதியாகக் குறைந்தால்தான் பயம், கண்டவுடனே சீனித் தண்ணி குடுங்கோ என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தது அருந்ததிக்கு நினைவிருந்தது. குசினிக்குள் ஓடினாள். மூன்று கரண்டி சீனி. கலக்கினாள். பாதி வெளியே சிந்தியது.

"இந்தாங்கோ. பிடியுங்கோ."

கதிரையில் இருந்த பரமலிங்கம் தம்ளரைப் பார்த்தார். இடக்கை தேடிக்கொண்டு வந்தது. அதில் பிடிக்கப் பலமில்லை. வலக்கை வரவில்லை. அருந்ததி குனிந்து பார்த்தாள். அதைத் தொடைக்குக் கீழே வைத்து அதற்கு மேல் இருந்தார். ஆள் அடையாளம் தெரியாத நிலையிலும் அந்தக் கையை வெளியே எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தம்ளரை உதட்டில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். பிறகு வாழைப்பழம். பிறகு சோற்றைப் பருப்போடு குழைத்து உருண்டையாக உருட்டி வாயில் வைத்தாள். முப்பத்தேழு வருடத்தில் அவள் அவருக்கு ஊட்டியதில்லை. தயாபரன் முகத்தைத் திருப்பி முற்றத்தில் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது. அவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு கோப்பையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"என்ர கை போகேல்லைத்தானே?"

"எங்கை?"

"வாய்க்கு."

அருந்ததியின் விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. அதைக் கழுவவும் இல்லை, உதறவும் இல்லை.

"இல்லை," என்றாள். "போகேல்லை."

"அப்ப சரி."

தயாபரன் முச்சக்கர வண்டி பிடித்துவந்தான். ஆசுபத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். பின்னேரம் வரை வைத்திருந்தார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று டொக்டர் கேட்டார். பரமலிங்கம் கூரையைப் பார்த்தார். அது ஒழுகாத கூரை. "வேலை கூடிப்போச்சுது," என்றார். குளிசையில் ஒன்றைக் குறைத்து எழுதித் தந்தார்கள். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று அருந்ததியைப் பார்த்துச் சொன்னார்கள், அவள்தான் சமைக்காமல் விட்டவள் போல.

இரவுச் சாப்பாட்டையும் அவள்தான் ஊட்டினாள். அவர் வலக்கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். நல்ல பசி. இரண்டாந்தரமும் கேட்டார்.

"இப்ப இது களவில்லையோ?" என்று கேட்டாள்.

அவர் மென்று விழுங்கிவிட்டு யோசித்தார். "நீ தாறாய். நான் வாங்கிறன். இதை எண்ணுறதெண்டால் உன்ர கையிலைதான் கட்டவேணும்."

காலையிலும் அப்படித்தான். அருந்ததிக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. இன்னும் மூன்று நாள். அவள் ஊட்டினால் அவர் வயிறு நிறையும். பட்டியில் ஒன்றும் விழாது. ஒன்றுமே தின்னாத மனிதன் என்று எழுதுவார்கள். அப்படிப்பட்ட மனிதனுக்கு வீடு கொடுக்காமல் ஆருக்குக் கொடுப்பார்கள். அவரும் விழமாட்டார். எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு உருண்டைக்கும் அவர் வாயைத் திறந்து அவள் முகத்தைப் பார்க்கும்போது, சரியாகச் செய்கிறேனா என்று கேட்பதுபோல இருந்தது. அவள் கண்ணை எடுத்துக் கோப்பையைப் பார்த்தாள்.

ஏழாம் நாள் பத்து மணிக்குப் பிரேமிளா வந்தாள். கைத்தொலைபேசியைப் பட்டிக்குப் பக்கத்தில் பிடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஐயா, நேற்று விடியப் புட்டோ என்னவோ சாப்பிட்டிருக்கிறியள். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை. பட்டி பழுதோ தெரியேல்லை. கையை ஒருக்கா வாயிலை வையுங்கோ."

பரமலிங்கம் வைத்தார். அவள் பார்த்தாள்.

"பழுதில்லை. எண்ணுது. அப்ப சாப்பிடவேயில்லையோ?"

பரமலிங்கம் அருந்ததியைப் பார்த்தார். அவர் பொய் சொல்லமாட்டார். அது இப்போது அவளுடைய வேலை. சும்மா இருந்தால் போதும்.

"இந்தப் பக்கத்திலை எல்லாருக்கும் குறைவாத்தான் வருகுது," என்றாள் பிரேமிளா, பையைத் தேடிக்கொண்டு. "ஆய்வு நடத்துற எங்கட சேருக்கு அதிசயம். வன்னியிலை சனம் குருவி மாதிரிச் சாப்பிடுது எண்டு எழுதப்போறார். ராக்காயி அம்மாவுக்கு இதிலும் குறைவு. அவ தனிய இருக்கிறவதானே. இஞ்சை முடிச்சு அங்கைதான் போறன்."

ராக்காயி காலையும் மாலையும் சீனிக்குத் தனக்குத் தானே ஊசி போடுகிறவள். துவாய் சுற்றினால் எண்ணாது என்று அவள் நினைத்திருந்தால் பரவாயில்லை. எண்ணும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளும் சாப்பாட்டைத்தான் குறைத்திருப்பாள். ஊட்டுவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

"பிள்ளை, இரு," என்றாள் அருந்ததி.

"அருந்ததி," என்றார் பரமலிங்கம். மெல்லத்தான் சொன்னார்.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"இவர் நேற்று வயலிலை விழுந்தவர். சீனி குறைஞ்சு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள். நேற்றிலை இருந்து நான்தான் சோத்தை வாயிலை தீத்துறன். அதாலைதான் உதிலை ஒண்டும் இல்லை."

"ஏன் குறைஞ்சது? குளிசையைக் கூடப் போட்டவரோ?"

"சாப்பாட்டைக் குறைச்சவர். உந்தப் பட்டிக்காக."

பிரேமிளா பையை விட்டாள். "பட்டிக்காகவோ?"

"குறையச் சாப்பிடுற ஆக்களுக்கு ஏதாவது வரும் எண்டு. வீடு வரும் எண்டு."

"நான் மூண்டு தரம் சொன்னனான்தானே அம்மா, ஒண்டும் கிடைக்காதெண்டு."

"சொன்னனீ. அதாலைதான்."

பிரேமிளா கதிரையில் இருந்தாள். முற்றத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

"முள்ளியவளையிலை எங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்து கேட்டால் அம்மா ஒரு நேரம் எண்டுதான் சொல்லுறவ," என்றாள். "கோழிக்கறி அடுப்பிலை கொதிக்கும். நான் உள்ளுக்கு நிண்டு சிரிக்கிறனான்." அவள் இப்போது சிரிக்கவில்லை. "இது வாயைக் கேக்காது, கையைத்தான் பாக்கும், ஆரும் மாத்த ஏலாது எண்டுதான் நாங்கள் கொண்டுவந்தது."

"இவரைப் பிழை சொல்லாதை. நான் சொல்லிச் சொல்லித்தான் இவர் இதைச் செய்தவர். முந்தி வீடு கிடைக்காமல் போனது இவராலை எண்டு ஆறு வருசமாச் சொல்லுறன். ஏன் கிடைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நானே ஒண்டைச் சோடிச்சு வைச்சிருந்தனான்."

பரமலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேமிளா எழும்பி அவருடைய கையைப் பிடித்துப் பட்டியைக் கழற்றினாள். "விழுந்த ஆக்களுக்குத் தொடர்ந்து கட்ட ஏலாது, ஐயா. நடந்ததை எழுதத்தான் வேணும். குறையாய் எடுக்காதையுங்கோ." பிறகு அருந்ததியைப் பார்த்தாள். "வேறை ஆர் அம்மா?"

"தயாபரனுக்குப் பயமில்லை. அவன் மற்றக் கையாலை வயிறு முட்டத் தின்னுறான். நீ முதல்லை ராக்காயி அக்காட்டைப் போ."

ஸ்கூட்டி வந்ததைவிட வேகமாகப் போயிற்று.

பரமலிங்கம் எழும்பினார். பின்வளவுக்குப் போய் ஆட்டை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார். கட்டிய ஆட்டைத் திரும்பவும் அவிழ்த்தார். மத்தியானம் அருந்ததி கூப்பிடாமலே வந்து குசினி வாசலில் இருந்தார். அவள் சோற்றைப் போட்டு, கத்தரிக்காய்க் கறியை வைத்து, சொதியை விட்டு, கோப்பையை அவருக்கு முன் வைத்தாள். உருட்டவில்லை. அவர் கையை வைக்கவும் இல்லை.

"இன்னும் மூண்டு நாள்தான் கிடந்தது," என்றார்.

"மூண்டு நாளிலை ராக்காயி அக்காவைச் சுடலைக்கு எடுத்திருப்பம்."

"அது சரி." சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீடு போச்சு."

"இருந்தால்தானே போறதுக்கு."

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அந்த இடம் மட்டும் வெளிறி இருந்தது.

"இனிச் சொல்லமாட்டாய்தானே?"

எதை என்று அவள் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட வாய் வந்தது. இவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சொல்லிப் பழகிப்போச்சுது. மழை பெய்யேக்கை வாயிலை வந்திடும். வந்தால் நிப்பாட்டெண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் நிப்பாட்டுவியோ?"

"நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்லையே. சிரிக்கிறனீங்கள்."

அவர் யோசித்தார். கோப்பையில் சொதி ஆறிக்கொண்டிருந்தது.

"சிரிக்கிறனான்," என்றார். "நோகிறதுதான்."

அருந்ததி ஓம் என்றாள். பலகையை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே இருந்து தனக்கும் கோப்பையில் சோற்றைப் போட்டாள். அவர் சோற்றைக் கிளறி, கத்தரிக்காயைச் சேர்த்துப் பிசைந்தார். சாப்பிடத் தொடங்கினார்.